பூனைக்கும் சலரோகம்

ஜெயபுரத்தில் பூனைக்குச் சலரோகம் என்றால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். சலரோகக்கார ஆச்சிக்கு அரசாங்கக் கிளினிக்கில் மருந்து இலவசம். பூனைக்கு ஆர் கிளினிக் கொப்பி போடுவினம்? பெரும்பாலும் 12 மணித்தியாலத்துக்கு ஒரு இன்சுலின் ஊசி, அதுவும் கைக்காசில்.

பூனை பிறவியிலேயே மாமிச பட்சணி. எங்கடை சிக்கனத்துக்காகச் சோறு தின்னப் பழகின சீவன். இப்ப சோறு, பாண், ஆச்சி இரக்கப்பட்டு ஊத்துற பால்தேத்தண்ணி எல்லாத்துக்கும் தடை. மாச்சத்தைக் குறைத்து, வேளைக்கே வைத்தியம் தொடங்கினால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு. ஆனால் சாப்பாட்டை மாற்றினால் ஊசி அளவையும் மிருக வைத்தியர் பார்க்கவேணும். இரத்தத்தில் குறைந்த சீனி கூடின சீனியை விடக் கெதியாய்க் கொல்லும்.

ஆச்சியின்ரை சிறிஞ்சில் மட்டும் மிச்சம் பிடிக்காதையுங்கோ. மிருகங்களுக்கான இன்சுலின் சிலதில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு. ஆச்சியின்ரை சிறிஞ்ச் 100 அலகுக் கணக்கு. மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிழைக்கும். சீனி குறைந்து பூனை தள்ளாடினால் முரசில் கொஞ்சம் தேனைத் தடவிப்போட்டு, உடனே மிருக வைத்தியரிட்டைக் கொண்டு ஓடுங்கோ.