அசைந்துகொண்டே அழவும்

சென்னையில் வெயிலும் அப்ரைசலும் ஒரே மாதத்தில் வருகின்றன. வெயிலுக்கு மோர், நுங்கு, இளநீர் என்று முன்னோர்கள் வழி சொல்லிவிட்டுப் போனார்கள். அப்ரைசலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்து முதலாளிகள் நேராகவே திட்டிவிடுவார்கள் போலிருக்கிறது.

என் மேலாளர் அப்படியல்ல, நல்ல மனிதர். பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்று அடுக்கித் தருவார். இந்த ஆண்டு நடுவில் வந்தது, டீம் லீட் பதவி எனக்கு இல்லை என்ற செய்தி. முன்னும் பின்னும் என்ன பாராட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"உங்க வேலைல ஒரு குறையும் இல்ல. ஆனா நீங்க ரொம்ப சென்சிட்டிவ். டீமை நடத்தணும்னா எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி இருக்கணும்" என்றார்.

என் ரேட்டிங் மூன்று. பெல் கர்வ் என்ற ஒன்று இருக்கிறது. எல்லோரும் நன்றாக வேலை செய்தாலும், இத்தனை பேர்தான் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுவார்கள். இப்படி ஆட்களை வரிசைப்படுத்தும் வழக்கத்தை மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்டது. ஆகவே மூன்று என்பது என்னைப் பற்றிய தீர்ப்பல்ல, யாராவது ஒருவர் அதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதெல்லாம் என் புத்திக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் என் புத்திக்கும் வயிற்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நேராகக் கழிப்பறைக்குப் போனேன். எங்கள் அலுவலகத்தில் ஆண்கள் அழுவதற்கென்று தனி ஏற்பாடு ஏதும் இல்லை. கழிப்பறைதான். அங்கே மின்சாரத்தை மிச்சம் பிடிக்க சென்சார் விளக்கு போட்டிருக்கிறார்கள். ஆள் அசையாவிட்டால் அணைந்துவிடும். துக்கம் தொண்டையை அடைக்க, முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால் கும்மிருட்டு. கையை ஆட்டினால் வெளிச்சம். விம்மல், கையாட்டல், மறுபடி விம்மல். வெளியே நின்றவர் கதவுக்குக் கீழே மின்னி மின்னி மறையும் வெளிச்சத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ தெரியாது. அதை நினைத்தும் அன்று சாயங்காலம் வரை கூச்சப்பட்டேன். 'அசைந்துகொண்டே அழவும்' என்று ஒரு போர்டாவது வைக்கலாம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. தூக்கம் வராதவன் படிப்பதற்கு உலகத்தில் ஆராய்ச்சிக்கா பஞ்சம்? எலைன் ஆரோன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1996-ல் என் போன்றவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இப்படி சென்சிட்டிவாக இருப்பது நோயல்ல, பிறவிக் குணம். நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேர் இப்படித்தான் என்பது அவர் கணக்கு. எதையும் ஆழமாக அசைபோடுவது இவர்களின் முதல் அடையாளமாம். அசைபோடுவதில் நான் எந்த எருமைக்கும் சளைத்தவனல்ல. மேலாளர் அந்தத் தகுதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

என் அக்கா சிறு வயதிலிருந்தே என்னைத் தொட்டாச்சிணுங்கி என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் செடியையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மோனிகா காலியானோ என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2014-ல் வெளியிட்ட கட்டுரை. தொட்டியோடு செடியை 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழ விட்டிருக்கிறார்கள். முதலில் இலையை மூடிக்கொண்ட செடி, இதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டதுபோல் மூடுவதையே நிறுத்திவிட்டது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து விழ விட்டபோதும் அசரவில்லை. நான் வருஷம் தவறாமல் விழுகிறேன், ஒவ்வொரு தடவையும் புதிதாக மூடிக்கொள்கிறேன். நியாயமாகப் பார்த்தால் டீம் லீட் பதவியை அந்தச் செடிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று: 2010-ல் அமெரிக்காவில், மூன்று வாரம் தினமும் பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கு, பிறர் பேச்சால் மனம் நோவது குறைந்தது என்று கண்டார்களாம். ஆவலோடு மனைவியை எழுப்பிச் சொன்னேன். "தலைவலி எனக்குத்தான், அந்த மாத்திரையை இப்படிக் குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.

மாத்திரை இல்லாமல் நான் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் மேலாளர் சொன்னது, வலது பக்கம் எனக்குக் கேட்டது என்று எழுதிவிடுவேன். சொன்னது: 'சரி, பார்க்கலாம்.' கேட்டது: 'மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போய்ச் சேர்.' சொன்னது: 'ஓகே.' கேட்டது: அரைப் பக்கத்துக்குப் போகிறது. எழுதி முடித்துப் படித்தால் வலது பக்க மேலாளரின் கற்பனை வளம் எனக்கே பொறாமையாக இருக்கும். பாவம், இடது பக்கத்து மனிதர் சாயங்கால ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பேசியிருப்பார்.

ராஜினாமாக் கடிதத்தையும் ராத்திரியில் எழுதலாம், தப்பில்லை. காலையில் காபி குடிக்கும்வரை அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். என் டிராஃப்ட்ஸ் பெட்டியில் அந்தக் கடிதத்துக்கு ஆண்டுக்கு ஆண்டு இலக்கிய நயம் கூடிக்கொண்டே வருகிறது.

டீம் லீட் பதவி கிடைத்த தம்பி தங்கமான பையன். "அண்ணா, நீங்க வரலைன்னா ட்ரீட்டே கிடையாது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பிரியாணியை ஒரு பிடி பிடித்தபடியே, திங்கட்கிழமை வெளிநாட்டு கிளையன்ட்டுடன் முதல் மீட்டிங், எதுவும் தயார் செய்யவில்லை என்றான்.

"ஐயையோ, ஏம்ப்பா?"

"பாத்துக்கலாம்ணா. ரைத்தா போட்டுக்கோங்க."

ஞாயிறு ராத்திரி முழுக்க நான் புரண்டுகொண்டிருந்தேன். அவர்கள் அந்தக் கேள்வி கேட்டால்? நெட் கட்டாகிவிட்டால்? திங்கட்கிழமை கண்ணெல்லாம் சிவந்துபோய் அவன் இருக்கைக்கு ஓடினேன்.

"என்னப்பா, மீட்டிங் எப்படிப் போச்சு?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான்.

"எந்த மீட்டிங்ணா?"