எதிர்காலத்திலிருந்து வந்த கடிதம்

2010 ஜனவரி 1. உலகமெங்கும் வாழ்த்து மின்னஞ்சல்கள் பறந்தன. ஸ்பாம் அசாசின் என்ற இலவசக் குப்பை மின்னஞ்சல் வடிகட்டி அவற்றின் தேதியைப் பார்த்துத் திடுக்கிட்டது. '2010-ஆ? இவ்வளவு தூரத்து எதிர்காலத்திலிருந்து யோக்கியன் எவன் எழுதுவான்?' என்று அபராதப் புள்ளி போட்டது.

இந்த மென்பொருளில் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. வழக்கமான அமைப்பில் மொத்தம் 5 சேர்ந்தால் கடிதம் குப்பை. அன்று தேதிக் குற்றத்துக்கு மட்டுமே சில அமைப்புகளில் மூன்று புள்ளிக்கு மேல் விழுந்தது. கூடவே 'இலவசம்' என்றோ எல்லாம் பெரிய எழுத்திலோ எழுதித் தொலைத்தவர் கதி அதோகதி.

இந்தத் தேதி விதியை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் எழுதிய காலத்தில் 2010 தொலைவில்தான் இருந்தது; காலண்டர்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், உருவாக்கத்தில் இருந்த பதிப்பில் சில மாதங்களுக்கு முன்பே இதைத் திருத்தியிருந்தார்கள். ஊரார் ஓட்டிக்கொண்டிருந்த பதிப்புக்கு அது போய்ச் சேரவில்லை. திருத்தம் என்ன தெரியுமா? 2010-க்குப் பதில் 2020 முதல் சந்தேகப்படு! அரசுக் கோப்பை அடுத்த அதிகாரிக்குத் தள்ளிவிடும் அதே சாமர்த்தியம்.

இதற்கிடையே நிஜக் குப்பை அனுப்புகிறவர்கள் அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சான்றெல்லாம் சுத்தமாக வைத்துக்கொண்டு வருகிறார்கள். சான்று இல்லாமல் மாட்டுவது சின்னக் கடைக்காரரின் பில்தான்.

மெயில் சர்வர் பார்த்துக்கொள்ளும் புண்ணியவான்களே, புது விதி சேர்ப்பதற்கு முன் பழையதில் இரண்டை நீக்கிப் பாருங்கள்.