பச்சத் தண்ணியும் மைசூர்பாகும்

வா கண்ணு, உக்காரு. கையில என்ன டப்பா? கிரீன் டீயா? உங்கம்மாவுக்கா? தீட்டு நின்னு ரெண்டு வருசமாச்சு, வவுறு முன்னால வந்துருச்சு, கொழுப்பு டெஸ்ட்டுல சுழிச்சுக் குடுத்துட்டாங்க, அதுக்கா? டப்பா மேல இடுப்பு சிறுத்த பொண்ணு படம் வேற. அதுக்கு இருவது வயசு இருக்குமா? அது எதுக்குடா இதைக் குடிக்குது?

குன்னூர்ல தேயிலை ஃபேக்டரியில ரெண்டு மாமாங்கம் கெடந்தவன் நானு. எல்லாம் ஒரே செடி, ஒரே கொழுந்து. கசக்கிக் காத்தாட விட்டுக் கறுக்க வெச்சா கடை டீ. பறிச்ச ஈரத்தோட ஆவி காட்டிக் கறுக்காமத் தடுத்தா உன்ற கிரீன் டீ. கூடப் பொறந்ததுல ஒண்ணுக்கு மட்டும் என்னத்துக்கு இத்தனை வெலை?

சினைப்பை ஓஞ்சா ஈஸ்ட்ரோஜன் எறங்குது. தொடையில சேந்த கொழுப்பு இடுப்புக்குக் குடிவருது. கெட்ட கொழுப்பும் ஏறுது. இதை ஒரு டம்ளர் சுடுதண்ணி திருப்பி அனுப்பிருமா?

அமெரிக்காவுல, மினசோட்டாவுல, தீட்டு நின்ன ஆயிரத்துச் சொச்சம் பொம்பளைகளை வெச்சே பாத்துட்டாங்க. மருந்துக்கடையில இருக்கற என்ற பேத்தி படிச்சுச் சொன்னா. பாதிப் பேருக்குத் தேயிலைச் சாறு அடைச்ச மாத்திரை, பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை. ஒரு வருசம் முழுங்குனாங்க. கெட்ட கொழுப்பு நூத்துக்கு நாலு பங்கு எறங்குச்சாம். எடை? மொத்தத்துல பாத்தா இருந்த எடத்துலயே இருந்துச்சு. சில பேருக்கு ஈரல் வேற முரண்டு பிடிச்சுச்சு. தேயிலைச் சாறுல இருக்கற ஈஜிசிஜிங்கற சரக்கு மாத்திரையா நாளுக்கு 800 மில்லிகிராம் போனா ஈரல் கணக்கு எகிறுதுன்னு ஐரோப்பாக்காரங்க 2018-லயே எழுதியாச்சு. டப்பாவோட மாத்திரையும் வாங்கிருக்கியா? அதைக் கடையிலயே திருப்பிக் குடு.

என்ற மவ கதை தெரியுமா? நூல் கட்டுன பொட்டணத்தை டம்ளர்ல முக்கி முக்கி எடுப்பா, கெணத்துல வாளி எறக்கறாப்புல. கசக்குதுன்னு ரெண்டு கரண்டி தேன். பக்கத்துல நெய் சொட்டச் சொட்ட மைசூர்பாகு. என்ன அம்மிணின்னா, "இது கரைச்சுரும்பா"ங்கறா! கரைஞ்சுது. மாப்பிள்ளை காசு.

உங்கம்மா குடிக்கட்டும், வேண்டாங்கலை. சீனி போட்ட பால் டீ மூணுக்குப் பதிலா இது ரெண்டு குடிச்சா அது லாபந்தான். சோத்தோட மட்டும் வேண்டாம், இரும்புச் சத்தைச் சேர விடாது. பொழுதோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கச் சொல்லு. நீயும் கூடப் போ. என்ன முழிக்கற? பைக்குச் சாவியை இங்க வெச்சுட்டுப் போடா.