உபுண்டு வள்ளலுக்கு ஒரு வாழ்த்து

உபுண்டுவே, கொடையில் உனக்கு இணை இல்லை. ஒரு பைசா வாங்காமல் முழு இயங்குதளத்தையும் தூக்கிக் கொடுக்கிறாய். 2004இல் வந்தபோதே மனிதர்களுக்கான லினக்ஸ் என்று உன்னை அறிவித்துக்கொண்டாய். ஒரு மென்பொருளை ஒரே வழியில் கொடுத்தால் வள்ளல் என்ற பெயர் நிலைக்குமா? அதனால் டெப் ஆகவும் ஸ்னாப் ஆகவும் கொடுக்கிறாய். அது போதாதவர்கள் பிளாட்பேக், ஆப்இமேஜ் என்று வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளவும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறாய். எதை எடுப்பது என்பதை மட்டும் புதிதாக வந்தவரிடம் சொல்லமாட்டாய். பிறர் விருப்பத்தில் தலையிடாத பெருந்தன்மை அது. 22.04 பதிப்பு முதல், தொகுப்புகளை நிறுவும் உன் கருவியான ஏபிடியிடம் ஃபயர்பாக்ஸ் கேட்டாலும் ஸ்னாப்தான் வந்து இறங்குகிறது. கேட்டதைக் கொடுப்பவர் உலகில் பலர் உண்டு; கேட்காததையும் கொடுப்பவன் நீ.

நீ நல்ல ஆசானும்கூட. விண்டோஸிலிருந்து வருபவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கோப்பை இறக்கி, இருமுறை சொடுக்குவது. 2024 ஏப்ரலில் 24.04 வெளிவந்தபோது, இறக்கிய டெப் கோப்பை அப்படிச் சொடுக்கியவருக்கு உன் மென்பொருள் கடையான ஆப் சென்டரால் அதை நிறுவித் தர முடியவில்லை. பிறகு சரிசெய்தாய், ஆனால் அதற்குள் எத்தனை பேரை டெர்மினலுக்கு அனுப்பிப் பாடம் படிக்க வைத்துவிட்டாய்! ஆப்இமேஜைச் சொடுக்கினால் பல நேரம் எதுவுமே நடப்பதில்லை. பல ஆப்இமேஜ்களுக்கு வேண்டிய லிப்ஃபியூஸ்2 நூலகம் 22.04 முதல் உன்னோடு சேர்ந்து வருவதில்லை. அதைத் திரையில் ஒரு வரியாகக்கூடச் சொல்லாத உன் மௌனம் பெரிது.

டெர்மினலில் உன் அடக்கம் இன்னும் பெரிது. நிர்வாகி உரிமைக்காகச் சூடோ கட்டளை கடவுச்சொல் கேட்கும்போது, தட்டுகிற எழுத்துக்கு ஒரு புள்ளிகூடக் காட்டாமல் ஆண்டாண்டுகளாக ரகசியம் காத்தாய். விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று புதியவர் நினைத்தால் நினைக்கட்டும். உன் வழியில் வந்த லினக்ஸ் மிண்ட் நட்சத்திரக் குறிகளைக் காட்டியது. உனக்கு அந்த ஆடம்பரம் வேண்டியிருக்கவில்லை. ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தத் தொகுப்பைக் காண முடியவில்லை என்று ஒரே வரியில் முடிப்பாய். பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம். பட்டியலைப் புதுப்பிக்க ஏபிடி அப்டேட் கொடுக்காமல் இருந்திருக்கலாம். யுனிவர்ஸ் களஞ்சியம் திறக்கப்படாமல் இருக்கலாம். அந்தப் பதிப்புக்கு அது இல்லாமலே போயிருக்கலாம். இத்தனை காரணங்களும் தெரிந்திருந்தும் ஒன்றைக்கூட வெளியிடாத சொற்சிக்கனம் யாருக்கு வாய்க்கும்?

உன் பூட்டையும் பாடாமல் விடக்கூடாது. புதிதாக நிறுவிய கணினியை ஒருவர் ஆசையோடு திறக்கிறார். பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது; அது முடியும்வரை வேறு நிறுவல் நடக்காதபடி பூட்டுப் போட்டிருக்கிறது. அவர் முதல் கட்டளையைக் கொடுத்ததும், பூட்டைப் பெற முடியவில்லை என்று ஒரு நீண்ட கோப்புப் பாதையை எழுதிக் காட்டுகிறாய். சற்றுப் பொறுத்தால் தானாகச் சரியாகும் என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. புதிய பதிப்புகளில் காத்திருக்கிறேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டாய்; பூட்டை வைத்திருக்கும் நிரலின் பெயரையும் சொல்கிறாய், அதுவும் பாதியில் வெட்டி.

இங்கேதான் உன் அடியார்கள் வருகிறார்கள். எங்கள் மூத்த அண்ணன்மாரே, உங்கள் அறிவுக்கு எல்லை இல்லை. மேனுவலைப் படி என்று இரண்டே சொல்லில் உபதேசிக்கிறீர்கள். பதிவுக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாமலே பதிவுக் கோப்பைக் கொடு என்கிறீர்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று ஒரு கட்டளையைத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். ஏபிடிக்கு அடியில் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி வேலையில் இருக்கும்போது அதை அழித்தால் தொகுப்புகளின் பதிவேடே சிதையலாம் என்பது உங்களுக்குத் தெரியும். சொல்லாமல் விடுவது, உதவி கேட்டவரே அனுபவித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்ற கருணையால்தானே?

கீழ்ப்படிதலில் உங்கள் கூட்டத்தை மிஞ்ச ஆளில்லை என்பதற்கு 2021 நவம்பரே சாட்சி. கனடாவின் யூட்யூபர் லைனஸ் செபாஸ்டியன், உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட பாப்! ஓஎஸ்ஸில், விளையாட்டுகளுக்கான ஸ்டீம் மென்பொருளை நிறுவப் போனார். வரைகலைக் கடையில் நடக்கவில்லை. டெர்மினலுக்குப் போனார். களஞ்சியத்தில் அப்போது இருந்த ஒரு தொகுப்புக் கோளாறால், ஸ்டீமை நிறுவ டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஏபிடி முடிவு செய்தது. நீக்கப்போகும் பெயர்களை நீளமாக அடுக்கி, ஆபத்து என்றும் எச்சரித்து, ஆம், சொன்னபடி செய் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னது. அவர் எழுதினார். அதுவும் சொன்னபடியே செய்தது, டெஸ்க்டாப் போய்விட்டது. விளையாட்டு ஒன்றை நிறுவ வந்தவருக்கு அந்தப் பட்டியலில் எது தன் திரை என்று எப்படித் தெரியும்? படித்திருக்க வேண்டாமா என்று அவரையே கடிந்தவர்கள் உங்களில் பலர். உங்கள் பெருமையைக் கெடுத்தவர்கள் ஏபிடியை எழுதுபவர்கள்தான். அந்த வாசகத்தை எழுதினாலும் இன்றியமையாத தொகுப்புகளை நீக்க முடியாதபடி கருவியையே பிறகு மாற்றிவிட்டார்கள்.

அண்ணன்மாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுவல் பாதியில் நின்றுபோனால் ஏபிடி தரும் செய்தியைப் பாருங்கள். டிபிகேஜியின் வேலை தடைபட்டது என்று சொல்லி, அதைச் சரிசெய்ய எந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதிக் காட்டுகிறது. முதல் நாள் வந்தவரும் அதைப் பார்த்துத் தட்டலாம். மற்றப் பிழைச்செய்திகளையும் அப்படி எழுதுங்கள். நிரல் எழுதத் தெரியாதவர்கள், உதவி கேட்டு வருபவரிடம் கட்டளையோடு அது என்ன செய்யும் என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.