விளக்கேற்றி அனுப்பியிருக்கிறார்கள்

சர்வீஸ் விட்ட கார் கைக்கு வந்ததும் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் பதறக் கூடாது. பதறுவதற்கு முன்னால் முறைப்படி செய்ய வேண்டிய காரியங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒன்று விடாமல் செய்து முடித்தால், பதற வேண்டிய நேரம் தானாக வந்து சேரும்.

விளக்கு எப்போது எரியும் என்பதில் குழப்பம் வேண்டாம். பில் கட்டி, கேட் பாஸ் வாங்கி, செக்யூரிட்டியிடம் நீட்டி, "பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார், எங்க இன்சென்டிவ் அதுலதான் சார் இருக்கு" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு நீங்கள் மெயின் ரோட்டில் ஏறும் வரை எரியாது. இதை சதி என்று நினைத்துவிடாதீர்கள். பல கோளாறுகளை வண்டியின் கணினி ஒரு முறை பார்த்ததும் வெளியே சொல்வதில்லை. குறித்து வைத்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் அதையே கண்டால்தான் விளக்கைப் போடும். ஒர்க்‌ஷாப் பையன் டிரையல் போனது முதல் ஓட்டம். நீங்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியது இரண்டாவது.

அடுத்து நிறம். சிவப்பு என்றால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு வண்டியை ஓரங்கட்டுங்கள். ஆயில் மாற்றிய வண்டியில் சொட்டு விழும் எண்ணெய்க் குவளைப் படம் சிவப்பாக எரிந்தால், அடியில் ட்ரெயின் போல்ட்டை ஒழுங்காக முறுக்காமல் விட்டிருக்கலாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றியிருக்கலாம். எப்படியானாலும் ஆயில் ரோட்டுக்குப் போகும், ஆயில் அழுத்தம் இல்லாத இன்ஜின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். 'பக்கத்துலதானே வீடு' என்று ஓட்டாமல் அங்கேயே ஆஃப் செய்து டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். இதில் வேடிக்கைக்கு இடமில்லை, மஞ்சளுக்கு வருவோம்.

மஞ்சள் விளக்குகளில் பிரபலமானது இன்ஜின் படம். கிணற்று மோட்டார் போல இருக்கும். அதைக் கண்டதும் முதல் சிகிச்சையாக டேஷ்போர்டை இரண்டு விரலால் தட்டுங்கள். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பலன் இல்லையென்றால் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுங்கள். சித்தப்பா வகையில் ஒருவர், "பெட்ரோல் மூடியை டைட் பண்ணிப் பாருப்பா" என்பார். அமெரிக்காவில் இது அருமையான யோசனை. அங்கே டாங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று கணினி சோதித்தாக வேண்டும் என்பது சட்டம். மூடி தளர்ந்தாலே விளக்கு எரியும். நம் ஊரில் ஓடும் பல வண்டிகளில் அந்தச் சோதனையே கிடையாது. இருந்தாலும் இறங்கிப் போய் மூடியைத் திருகிவிடுங்கள். பெரியவர் சொல்லிவிட்டார்.

பிறகு வண்டியை அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்தி பானட்டைத் திறந்து வையுங்கள். கூப்பிடாமலே நான்கு பேர் வருவார்கள். நால்வரும் இடுப்பில் கை வைத்து, உள்ளே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சென்சார்" என்பார்கள். எந்த சென்சார் என்று கேட்பது நாகரிகமல்ல. ஒரு காலத்தில் வண்டிக்கு எது வந்தாலும் 'கார்புரேட்டர்ல அழுக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் இவர்கள். கார்புரேட்டர் ஒழிந்த பிறகு எதையாவது சொல்ல வேண்டாமா? நால்வரில் ஒருவர் எலி என்பார். அவரை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இன்ஜின் சூட்டுக்கு வந்து படுக்கும் எலி ஒயரைக் கடிப்பது நிஜம்.

இந்த விளக்கு உங்கள் சௌகரியத்துக்காகப் பிறந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய கலிஃபோர்னியா மாநிலம் 1991 மாடல் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. 1996-இல் அமெரிக்கா முழுவதற்கும் ஓபிடி-2 என்ற சுய பரிசோதனை முறை வந்தது: எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், பொதுவான கோளாறுகளுக்கு ஒரே மாதிரி கோடு. இந்தியாவுக்கு இது 2010-இலிருந்து இரண்டு தவணையாக வந்து, 2013-இல் ஓபிடி-2 ஆனது. சைலன்ஸர் வழியாகப் போகும் புகை அளவு மீறுமா என்று கண்காணிப்பதுதான் அதற்கிட்ட வேலை. டைமிங் பெல்ட் நைந்து நாளைக்கு அறுந்துபோகும் நிலையில் இருந்தாலும் அது வாயைத் திறக்காது. காற்றும் பெட்ரோலும் கலக்கும் கணக்கு கொஞ்சம் பிசகினால் ஊரைக் கூட்டிவிடும்.

பொறுமை இல்லாத சிலர் இந்தச் சடங்கையெல்லாம் தாண்டிக் குறுக்கு வழியில் போவதுண்டு. அவர்கள் செய்வது ஒரு வினோதமான காரியம்: பில்லை எடுத்துப் படிக்கிறார்கள். நேற்று வரை எரியாத விளக்கு இன்று எரிகிறதென்றால் நடுவில் கைபட்ட இடம் எது என்று பார்க்கிறார்கள். ஏர் ஃபில்டர் மாற்றியதாக ஒரு வரி இருந்தால் நேரே அந்தக் கறுப்பு டப்பாவுக்குப் போகிறார்கள். டப்பாவின் மூடியைச் சுற்றிக் கம்பிக் கிளிப்புகள் இருக்கும். கைக்கு எட்டும் முன்பக்கக் கிளிப்புகளை அழகாக மாட்டியிருப்பார்கள். பின்பக்கம், பேட்டரியை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒன்று காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். பல வண்டிகளில் அதே டப்பாவை ஒட்டிக் காற்றை அளக்கும் சென்சார் உண்டு. அதன் கனெக்டர் மாட்டியது போலவே தெரியும், ஆனால் பூட்டு விழுந்திருக்காது. கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்கேனரில் பி0102 என்று விழும் கோடுக்குப் பல சமயம் இந்த 'டிக்'தான் மருந்து. அந்தச் சென்சாரைத் தாண்டி ஹோஸ் தளர்ந்து, கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்தால் பி0171. அதன் அர்த்தம் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது மட்டும்தான். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்று என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. ஆனாலும் மாற்றப்படும்.

விளக்கு நிற்காமல் எரிவதற்குப் பதில் கண் சிமிட்டினால் விஷயம் வேறு. வாட்டர் வாஷ் என்ற பெயரில் பானட்டுக்குள் பிரஷர் கன்னால் அடித்த தண்ணீர் ஸ்பார்க் பிளக் குழியிலோ காயில் கனெக்டரிலோ தங்கி, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடிக்கலாம். வண்டி உதறும். எரியாத பெட்ரோல் நேராகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அந்தச் சாமானின் விலையைக் கேட்டால் நீங்களும் கண் சிமிட்டுவீர்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓரமாக நிறுத்துங்கள்.

ஏர்பேக் விளக்குக்குக் காரணம் இன்ஜின் பக்கமே இருக்காது. இன்டீரியர் கிளீனிங் என்று ஒரு வரி பில்லில் இருக்கும். வேக்குவம் குழாயை முன் சீட்டுக்கு அடியில் விட்டு இழுத்தபோது அங்கிருக்கும் மஞ்சள் நிறக் கனெக்டர் அசைந்திருக்கும். குனிந்து நீங்களே அழுத்திவிட வேண்டாம். ஏர்பேக் ஒயரில் சாவி ஆனில் இருக்கும்போது கை வைப்பது விஷப்பரீட்சை. அந்த விளக்கு எரியும் வரை, மோதினால் பலூன் விரியும் என்று நம்பவும் முடியாது. மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, மாட்டி, ஸ்கேனரில் அழிக்கட்டும்.

எல்லாவற்றிலும் என் அபிமான விளக்கு ஸ்பானர் படம். கார் சர்வீஸ் கேட்கிறது என்று அதற்கு அர்த்தம். நேற்றுதானே சர்வீஸ் ஆனது? ஆனது, ஆனால் காருக்கு யாரும் சொல்லவில்லை. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியவர் ரிமைண்டரை ரீசெட் செய்ய மறந்துவிட்டார், அவ்வளவுதான். பல வண்டிகளில் மீட்டர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தாலே போய்விடும். செய்முறை காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் கிளவ் பாக்ஸில், இன்ஷூரன்ஸ் நகலுக்கும் காய்ந்த எலுமிச்சம்பழத்துக்கும் அடியில், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருக்கும்.

இனி போன். சர்வீஸ் அட்வைசர் மூன்றாவது தடவை எடுப்பார். "சார், அது சின்ன சென்சார் இஷ்யூதான் சார். ஓட்டிட்டே இருங்க, தானா போயிடும்" என்பார். இது முழுப் பொய் இல்லை. கோளாறு திரும்பத் தலைகாட்டாமல் தொடர்ந்து மூன்று ஓட்டம் முடிந்தால் கணினி தானே விளக்கை அணைத்துவிடும். கோடு மட்டும் நினைவில் கிடந்து, சுமார் 40 தடவை இன்ஜின் ஆறிச் சூடான பிறகு அழியும். அவர் இதைத் தெரிந்து சொல்லவில்லை, இருந்தாலும் சொன்னதில் நியாயம் உண்டு. ஆகவே விளக்கு எரியும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டர் வாசலில் நுழைந்ததும் அணைந்துகொள்ளும் விளக்குகள் உண்டு.

உள்ளே போனதும் ஒரு பையன் ஸ்கேனரோடு வந்து சீட்டில் பாதி உட்கார்ந்து, சாக்கெட்டில் குத்தி, நீங்கள் பாக்கெட்டிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுப்பதற்குள், "எரேஸ் பண்ணிட்டேன் சார்" என்பான். இதற்குத்தான் முந்திக்கொள்ள வேண்டும். அழித்தால் கோடு மட்டும் போகாது. கோளாறு நிகழ்ந்த அந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, கூலன்ட் எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம் என்று கணினி எடுத்து வைத்த குறிப்பும் சேர்ந்து போய்விடும். மெக்கானிக்கிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். "தம்பி, அழிக்கறதுக்கு முன்னாடி நம்பரை ஜாப் கார்டுல எழுதிடுப்பா" என்று சொல்லுங்கள். அவன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். எழுதுவான்.

கடைசியில் பில் வரும். தொங்கிய கிளிப்பை மாட்டியதற்கு 'ஏர் இன்டேக் இன்ஸ்பெக்‌ஷன், லேபர்' என்று ஒரு தொகையும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கும். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, ஒன்றும் பேசாமல் நில்லுங்கள். பேச ஆரம்பித்தால் மேனேஜர் வருவார், காபி வரும், தொகை அப்படியே நிற்கும்.

கிளம்பும் முன் ஒன்று. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். இன்ஜின் படம், ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் ஒரு முறை எரிந்து காட்ட வேண்டும். பல்பு உயிரோடு இருப்பதற்கு அதுதான் அத்தாட்சி. இன்ஜின் படம் மட்டும் அப்போதும் எரியவில்லை என்றால், உங்கள் பிரச்சினையை யாரோ பல்போடு சேர்த்துக் கழற்றித் தீர்த்துவைத்திருக்கிறார்கள்.