ஹீத்ரோவில் இறங்க ரெண்டு லட்சம்

(இடம்: மதுரையில் ஒரு மாடி அறை. நேரம்: சாயங்காலம். மேசையில் கம்ப்யூட்டர், ஜாய்ஸ்டிக், ஆறிப்போன டீ. மாமா தாலுகா ஆபீஸில் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தினமும் மாலை ஏர்பஸ் ஓட்டுகிறார். நிஜ விமானத்தில் காது அடைக்கும் என்பதால் சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில்தான் போவார். மருமகன் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவன். கையில் ஸ்க்ரூ டிரைவர், முகத்தில் அவநம்பிக்கை.)

மாமா: வா மாப்ளே, உக்காரு. அங்கிட்டு இல்ல, அது கோ-பைலட் சீட்டு. கட்டில்ல உக்காரு.

மருமகன்: போன்ல "மேடே, மேடே"ன்னு கத்துனீங்களே மாமா. அத்தைக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு விழுந்தடிச்சு வந்தேன்.

மாமா: அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. ஹீத்ரோவுல இறங்குறப்ப படம் திக்குதுடா. கடல் மேல வர்றப்ப எஃப்.பி.எஸ்., அதான் செகண்டுக்கு எத்தனை படம்ங்கிற கணக்கு, ஐம்பதுக்கு மேல நிக்குது. லண்டனுக்குள்ள நுழைஞ்சா பத்தொம்பது. ஓடுபாதைக்கு மேல ஒரு படம், புல்தரையில குப்புறக் கிடக்குறது அடுத்த படம். நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஓட்டுன எனக்கே தெரியல.

மருமகன்: அதுக்கு என்ன பண்ணலாம்ங்கிறீங்க?

மாமா: கிராபிக்ஸ் கார்டை மாத்து. ஆர்டிஎக்ஸ் 5090.

மருமகன்: மாமா, அது ரெண்டு லட்சத்துக்கு மேல.

மாமா: கம்யூட்டேஷன் பணம் பாங்க்ல தூங்குது. எழுப்பு.

மருமகன்: உங்க மெஷின்ல இருக்கிறது ஐ5 9400எஃப், 2019 வருஷத்துப் பிராசஸர். கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். கரண்ட் கொடுக்குற எஸ்.எம்.பி.எஸ். 550 வாட். நீங்க கேக்குற கார்டு ஒண்ணு மட்டுமே 575 வாட் இழுக்கும். ஆயிரம் வாட் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்றாங்க. இந்தக் கேபினெட் மூடாது.

மாமா: மூடாட்டி திறந்து கிடக்கட்டும், காத்து வரும். இதுல என்னடா விசாரணை? திக்குறது படம். படம் வரையறது கார்டு. அப்ப குத்தவாளி யாரு?

மருமகன்: தீர்ப்பை எழுதிட்டுத்தான் சாட்சியைக் கூப்பிடுவீங்க போல. ஆப்ஷன்ல போய் டெவலப்பர் மோடை ஆன் பண்ணுங்க. எஃப்.பி.எஸ். காட்டுற பெட்டியைத் திறங்க. ம்... மூலையில என்ன எழுதியிருக்கு?

மாமா: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) "லிமிடெட் பை மெயின்த்ரெட்."

மருமகன்: அவ்வளவுதான் மாமா. கேஸ் முடிஞ்சுது.

மாமா: பொடி எழுத்துல இருக்கிற எதையும் நான் சர்வீஸ்லயே படிச்சதில்ல.

மருமகன்: இப்பப் படிங்க. மெயின்த்ரெட் 52 மில்லி செகண்ட். ஜிபியு, அதாவது உங்க கார்டு, 24. உங்க ஓட்டைக் கார்டு ஒரு படத்தை 24 மில்லி செகண்டுல வரைஞ்சு முடிச்சுட்டு, அடுத்தது எப்ப வரும்னு பிராசஸர் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்குது. 5090 போட்டா அதே படத்தை ஆறிலயோ ஏழிலயோ வரைஞ்சுடும். அப்புறமும் 52 வரைக்கும் காத்திருக்கும். ரெண்டு லட்சம் கொடுத்து அதுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டிக் கொடுக்கப் போறீங்க.

மாமா: நம்பருக்கு நம்பர் பேசாதே. கண்ணால காட்டு.

மருமகன்: காட்டுறேன். ரெண்டரிங் ஸ்கேலிங்னு ஒண்ணு இருக்கு பாருங்க. நூறுல இருந்து அம்பதுக்கு இறக்குங்க. கார்டு வரைய வேண்டிய புள்ளி நாலுல ஒரு பங்காக் குறையுது. கார்டுதான் குத்தவாளின்னா எஃப்.பி.எஸ். குபீர்னு ஏறணும்.

(மாமா இறக்குகிறார். லண்டன் மாநகரம் மழையில் நனைந்த பேப்பர்போல் மங்குகிறது. எண் பத்தொன்பதிலேயே நிற்கிறது.)

மாமா: படமும் போச்சு, நம்பரும் ஏறல. ஏற்கெனவே நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியேடா!

மருமகன்: அதான் சாட்சி மாமா. இந்தச் சோதனைக்குச் செலவு சைபர். கார்டு வாங்குறதுக்கு முன்னாடி செய்யலாம். ஆனா யாரும் செய்ய மாட்டாங்க.

மாமா: ஏன்?

மருமகன்: முடிவு தெரிஞ்சுடுமே.

மாமா: சரி, அந்த மெயின்த்ரெட்டுன்னா யாரு? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.

மருமகன்: நீங்கதான்.

மாமா: டேய்!

மருமகன்: கோவிச்சுக்காதீங்க. உங்க ஆபீஸ்ல ஆறு பேர் உக்காந்திருந்தாங்க. ஆனா வர்ற தபால் அத்தனையும் உங்க மேசைக்கு வந்து, நீங்க இனிஷியல் போட்டு, நோட் எழுதின அப்புறம்தானே நகரும்? உங்க பிராசஸர்லயும் ஆறு கோர் இருக்கு. வேற வேற வேலையை மத்த கோருக்குப் பிரிச்சுக் கொடுத்தாலும், விமானம் எங்க இருக்கு, காத்து எங்கிட்டு அடிக்குது, ஹீத்ரோவுல நிக்குற நாற்பது விமானமும் எங்க நகரணும், எந்தக் கட்டடத்தைக் காட்டணும்னு முடிவாகி, "இதை வரை"னு உத்தரவு போறது பெரும்பாலும் ஒரே வரிசையில, ஒரே மேசை வழியாத்தான். கார்டு உங்க டைப்பிஸ்ட். டிராஃப்ட் வந்தாத்தான் ஃபேர் காப்பி அடிக்க முடியும். மின்னல் வேகத்துல அடிக்கிற டைப்பிஸ்டைப் போட்டா மட்டும் உங்க மேசையில இருந்து பைல் நகர்ந்துடுமா?

மாமா: நகராது. (பெருமையுடன்) நான் லீவு போட்டா ஆபீஸே நின்னுடும் தெரியுமா?

மருமகன்: அதைத்தான் நானும் சொல்றேன். கடல் மேல ஏன் அம்பது வருது? அங்க தபாலே இல்ல. கட்டடம் இல்ல, மத்த விமானம் இல்ல. மேகம் மட்டும்தான். மேகத்தை வரையறது பெரும்பாலும் கார்டு வேலை. அங்க அது திணறலையே. திணறுறது லண்டன்ல, நீங்க விலாசம் பார்த்துக் கையெழுத்துப் போடுற இடத்துல.

மாமா: அப்ப வழி?

மருமகன்: ஊரை எவ்வளவு விவரமாக் காட்டணும்ங்கிற டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்லை 200-ல வச்சிருக்கீங்க. நூறாக்குங்க. ஏஐ டிராஃபிக்கை அணைங்க.

(எண் முப்பத்தொன்றுக்கு ஏறுகிறது. விமானம் சீராக மிதக்கிறது. மாமாவின் முகம் சுருங்குகிறது.)

மாமா: எங்கடா மத்த விமானம் எல்லாம்? ஹீத்ரோவுல நான் ஒருத்தன்தான் இருக்கேன். ஊரடங்கா?

மருமகன்: எஃப்.பி.எஸ். ஏறியிருக்கே, அதைப் பாருங்க.

மாமா: ஓசியில ஏறினது எத்தனை நாளைக்கு நிக்கும்? மாப்ளே, நான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன். ஃபிளைட் சிமுலேட்டர் 98-ஐ ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே ஓட்டியிருக்கேன். சிகாகோ மெய்க்ஸ் ஃபீல்டுலதான் ஆரம்பிக்கும், ஏரி ஓரமா ஒத்தை ஓடுபாதை. 2003 மார்ச்சுல ஒரு ராத்திரி அந்த ஊர் மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசரை விட்டு ஓடுபாதையைக் கிண்டிப் போட்டுட்டாரு. மறுநாள் காலையில பார்த்தா நின்ன விமானம் நின்ன இடத்துலயே மாட்டிக்கிச்சு. எங்க தாலுகாவுல ஆக்கிரமிப்பு எடுக்கக்கூட நோட்டீஸ் கொடுப்போம்.

மருமகன்: அந்தக் காலத்துல இருந்து ஓட்டுறீங்கன்னா 2006-ல வந்த எக்ஸ் பதிப்பும் ஓட்டியிருப்பீங்க.

மாமா: ஓட்டாமலா? அதுவும் திக்குச்சு. 2007 கடைசியில ஜிஃபோர்ஸ் 8800 ஜிடி கார்டு வாங்கிப் போட்டேன். அப்பவும் திக்குச்சு.

மருமகன்: அது எதனாலன்னு தெரியுமா? பிராசஸர் வேகம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகும்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்த காலத்துல வளர்ந்த மென்பொருள் அது. பென்டியம் 4 போய் 3.8 கிகாஹெர்ட்ஸ்ல முட்டிக்கிட்டு நின்னுச்சு. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல்லே 2004-ல கைவிட்டுருச்சு. வேகத்துக்குப் பதிலா கோரோட எண்ணிக்கை ஏறுச்சு. ஒரே மேசையை நம்பின மென்பொருளுக்குப் பக்கத்து மேசை எத்தனை இருந்தா என்ன? 2007-ல முதல் சர்வீஸ் பேக் விட்டுத்தான் நிலப்பரப்புப் படங்களை ஏத்துற வேலையை மத்த கோருக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க. 2009 ஜனவரியில அதை உருவாக்கின ஏசஸ் ஸ்டுடியோவையே மைக்ரோசாஃப்ட் மூடிட்டாங்க. கார்டு மாத்தினவங்க மட்டும் நிறுத்தல. ஆக, அப்பவே உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கணும்.

மாமா: தெரிஞ்சுது. விலை குறைச்ச கார்டா வாங்கிட்டேன்.

(மருமகன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கிறான். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். கீழே அத்தை பஜ்ஜி போடுகிற வாசனை வருவதால் உட்கார்ந்திருக்கிறான்.)

மருமகன்: அந்தப் பணத்துல பாதிக்குள்ள உருப்படியா ஒண்ணு செய்யலாம். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், அதுக்கு ஏத்த போர்டு, டிடிஆர்5 ரேம். அந்த எக்ஸ்3டி வகையில 96 எம்.பி. எல்3 கேஷ் இருக்கு. பிராசஸருக்கு வேண்டிய தகவலை ரேம் வரைக்கும் ஓடிப்போய் எடுக்காம கைக்கெட்டுற தூரத்துல அடுக்கி வச்சுக்கலாம். ரெக்கார்டு ரூமுக்கு நடக்காம மேசையிலயே பைல் இருக்கிற மாதிரி. சிமுலேட்டர்ல தகவல் அங்க ஒண்ணு இங்க ஒண்ணா சிதறிக் கிடக்கும், அதனால இதுக்கு ரொம்பவே உதவும். 2022-ல 5800எக்ஸ்3டி வந்ததுல இருந்து ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுறவங்க தேடித்தேடி வாங்குறது இந்த வகையைத்தான்.

மாமா: எங்க, அதைக் காட்டு. எவ்வளவு பெருசு?

மருமகன்: பெருவிரல், சுட்டுவிரல் நடுவுல பிடிச்சுக்கலாம். மேல கூலர் வச்சு மூடிடுவோம்.

மாமா: பாத்தியா! கண்ணுக்கே தெரியாது. கார்டுன்னா கண்ணாடிக்குள்ள பட்டையா நிக்கும், லைட் எரியும். எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தா எதைக் காட்டுறது? கூலருக்கு அடியில கேஷ் இருக்கு சார்னு சொன்னா, வருமான வரிக்காரங்களுக்குத் தெரியுமான்னு கேப்பாரு.

மருமகன்: ஹெட்மாஸ்டருக்காகவா மாமா விமானம் ஓட்டுறீங்க?

மாமா: பயணிகள் இல்லாத விமானம் ஓட்டுறவனுக்குப் பார்க்க ஒரு ஆளாவது வேணும். அது கிடக்கட்டும், இன்னொண்ணு கேள்விப்பட்டேன். 5090-ல ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்காமே? பத்தொம்பது எழுபத்தாறு ஆயிடுமாமே?

மருமகன்: ஆகும். ஒரு நிஜப் படத்துக்கு மூணு கற்பனைப் படத்தைக் கார்டே வரைஞ்சு நடுவுல செருகும். ஆபீஸுக்கு வந்தது ஒருத்தர், ரிஜிஸ்டர்ல நாலு கையெழுத்து.

மாமா: நல்ல நிர்வாகம்தானே?

மருமகன்: முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பிராசஸர் தடுக்குற இடத்துல கார்டு செய்யக்கூடிய உதவி அது ஒண்ணுதான். துப்பாக்கி விளையாட்டு மாதிரி இல்லாம விமானம் நிதானமாப் போறதால கண்ணுக்கும் உறுத்தாது. ஆனா அடியில நிஜமா நாற்பது, அம்பது இருக்கணும். பத்தொம்பதை நாலாப் பெருக்குனா வேகம் காட்டுற நம்பர் ரெட்டையாத் தெரியும். ஜாய்ஸ்டிக்கை நீங்க அசைச்சா விமானம் கேக்குறது பழைய பத்தொம்பது வேகத்துலதான், இன்னும் கொஞ்சம் தாமதமாவே.

மாமா: அப்ப கார்டுங்கிறது எதுக்குமே ஆகாதுங்கிறியா?

மருமகன்: அப்படிச் சொல்வேனா? 4கே திரை வச்சிருக்கிறவருக்கு ஆகும். உங்க மானிட்டர் 1080பி, இருபது லட்சம் புள்ளி. 4கேன்னா எண்பத்துமூணு லட்சம். நாலு மடங்கு வரையணும், அங்க உங்க 1660 நாக்குத் தள்ளிடும். தலையில மாட்டுற விஆர் கண்ணாடிக்கு ஆகும், ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா வரையணுமே. கார்டு மெமரி நிரம்பி வழிஞ்சு திக்குதுன்னா அப்பவும் கார்டுதான் மாத்தணும். உங்க பெட்டியில இதுல ஒண்ணும் இல்ல.

(நீண்ட யோசனை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பழைய ஆபீஸில் இப்படித் துடைத்தால் யாருக்கோ மெமோ வரப்போகிறது என்று அர்த்தம்.)

மாமா: அப்ப 4கே திரை போட்டா, அந்த மூலையில "லிமிடெட் பை ஜிபியு"ன்னு எழுதுமா?

மருமகன்: உங்க பழைய கார்டுக்கு எழுதும். 5090-க்கு இந்தப் பிராசஸரோட எழுதாது. அது 4கே-வையும் ஊதித் தள்ளிட்டு மறுபடி சும்மா உக்காரும்.

மாமா: ரெண்டு திரை?

மருமகன்: மாமா...

மாமா: மூணு? இடது ஜன்னல், முன் கண்ணாடி, வலது ஜன்னல்.

மருமகன்: மூணு 4கே-ன்னா ரெண்டரைக் கோடி புள்ளி. கார்டு கொஞ்சம் முனகும். ஆனா பார்வை அகலமானா பிராசஸருக்கும் தபால் கூடும். ஹீத்ரோவுல பத்தொம்பது பன்னெண்டாயிடும்.

மாமா: மேகத்தை அல்ட்ராவுல வச்சா?

மருமகன்: கார்டு இன்னும் முனகும்.

மாமா: ஸ்கேலிங்கை நூறுக்கும் மேல ஏத்தினா?

மருமகன்: இருநூறுன்னு வச்சா கார்டு தவிச்சுப் போயிடும். அப்ப நிச்சயமா "லிமிடெட் பை ஜிபியு"ன்னுதான் வரும். எஃப்.பி.எஸ். ஏழோ எட்டோ நிக்கும்.

மாமா: வந்துச்சுல்ல! நான் முதல்லயே என்ன சொன்னேன்? குத்தவாளி கார்டுதான்னு சொன்னேனா இல்லையா? எழுதிக்கோ. 5090 ஒண்ணு, ஆயிரம் வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு, பெரிய கேபினெட் ஒண்ணு, கண்ணாடி வச்சது. 4கே டிவி மூணு.

மருமகன்: (எழுதியபடி) பிராசஸர்?

மாமா: அதுக்கு இந்த வருஷம் பட்ஜெட் இல்ல.