சேற்றில் இறங்கும் மிஷினும் சட்டத்தில் இறங்கும் ஆளும்: காவிரிப் படுகை அறுவடைத் தொழில் குறித்த அமைப்பியல் ஆய்வு

தை, மாசியில் சம்பா அறுவடைக்குத் தஞ்சைக்குள் வரும் நெல் அறுக்கும் மிஷின்களை அறிஞர் உலகம் பெல்ட் மிஷின், டயர் மிஷின் என்று இரண்டாக வகுத்ததோடு ஓய்ந்துவிட்டது. ஈர வயலுக்குப் பெல்ட், காய்ந்த வயலுக்கு டயர், பெல்ட்டுக்கு மணி வாடகை கூடுதல். மிஷினை வைத்துப் பிழைக்கும் ஆள் சட்டத்தின் கண்ணுக்கு என்ன உயிரினம் என்று எவரும் கேட்கவில்லை. மிஷின்காரரே கேட்கவில்லை என்பது இவ்வாய்வின் தேவையை உறுதிசெய்கிறது.

தரவுகள் நேரடி நெல் கொள்முதல் நிலைய (டிபிசி) வாசலில் திரட்டப்பட்டன. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கட்டும் என்று காத்துக் கிடப்பவர்களைப்போல் நீண்ட நேர்காணலுக்கு வசப்படுபவர்கள் வேறெங்கும் இல்லை (டிபிசி வாய்மொழி, முதல் மூட்டை).

சட்டத்தின் கண்ணில் முதல் வகை தனியுரிமை. மிஷின் வாங்கி, முன்பக்கம் குலதெய்வத்தின் பெயரை எழுதிய கணத்தில் இது தானாகப் பிறக்கிறது. விரும்பினால் 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவைக் காசில்லாமல் செய்துகொள்ளலாம். அறுவடை விவசாயப் பணி என்பதால் அந்த வாடகைக்கு ஜிஎஸ்டி கிடையாது. கணக்கெழுத மனமில்லாதவர், வரவு 2 கோடிக்குள் இருந்தால், ரொக்கத்தில் 8 சதவீதமும் வங்கி வழி வந்ததில் 6 சதவீதமும் லாபம் என்று ஒப்புக்கொண்டு வரி கட்டலாம் என 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு வழிவிட்டது. தரகு வாங்குபவருக்கு அந்தக் கதவு சாத்தியிருந்தது. மிஷினை வயலுக்கு வயல் கூட்டிப்போகும் புரோக்கரிடம் இதை விளக்கியபோது, “லாபமா? எனக்கா?” என்றார் (மேற்படி, நான்காம் மூட்டை, தையல் பிரிந்த பக்கம்). கடன் முற்றினால் வீடும் சேர்ந்து போகும் என்பது இவ்வகையின் ஒரே குறை.

இரண்டாவது, இந்து கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்வதில்லை, தரவு இல்லை.

மூன்றாவது, 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி மச்சானைச் சேர்த்துக்கொள்வது. மச்சான் தொழில் நடத்தும்போது பக்கத்து வயல் வரப்பை உடைத்தால் அந்த நஷ்டத்துக்கு நீங்களும் பொறுப்பு. பதிவில்லாத கூட்டு, வாடகைப் பாக்கிக்காக வழக்குப் போட முடியாது என்கிறது 69ஆம் பிரிவு. “நெல்லு போட்டதும் தர்றேன்” என்பதே பொது வழக்கான நாட்டில் இப்பிரிவைக் கடன்பட்டவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். எப்படியோ வைத்திருக்கவும் செய்கிறார்கள்.

நான்காவது, 2008இல் வந்த எல்எல்பி, அதாவது வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை. ஆடிட்டர்களுக்கு நல்லது.

ஐந்தாவதுதான் இவ்வாய்வின் உயிர்: ஒருநபர் கம்பெனி. 2005இல் ஜே. ஜே. இரானி குழு பரிந்துரைத்து, 2013 கம்பெனிச் சட்டத்தில் இடம்பிடித்தது. கம்பெனியின் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் அதன் கீழே அடைப்புக்குறிக்குள் ‘ஒருநபர் கம்பெனி’ என்று போட்டாக வேண்டும். அதன்படி மிஷினின் விலாவில் ‘முனியாண்டவர்’ என்றும் கீழே ‘(ஒருநபர் கம்பெனி)’ என்றும் பெயின்ட் அடித்தால், அந்த ஒருநபர் யார் என்ற பெருஞ்சிக்கல் எழுகிறது. மிஷின்காரரே என்பது ஒரு கட்சி. முனியாண்டவரே என்பது மறுகட்சி, அவர்கள் மதகுச் சுவரில் கரித்துண்டால் எழுதிய ஒரு சாசனத்தைச் சான்று காட்டுகிறார்கள் (மதகுச் சாசனம், வடக்குப் பக்கம், மழைக்குப் பின் படியெடுத்ததால் கடைசி மூன்று எழுத்துகள் சிதைவு, பதிப்பாசிரியர் அவற்றைத் தம் புலமையால் நிரப்பி முனைவர் பட்டம் பெற்றார், நிரப்பியது தவறென்று அவரே நிறுவிப் பதவி உயர்வும் பெற்றார்).

122ஆம் பிரிவு இதைவிட ஆழமானது. இக்கம்பெனிக்கு ஆண்டுப் பொதுக்கூட்டம் வேண்டாம். உறுப்பினர் தம் தீர்மானத்தைக் கம்பெனிக்குத் தெரிவித்து, குறிப்பேட்டில் ஏற்றி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியே கூட்டம் நடந்த தேதி. இது எமது கற்பனையன்று, நாடாளுமன்றம் இயற்றியது. உறுப்பினரும் கம்பெனியும் ஒரே டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கையில் தெரிவிப்பது எங்ஙனம்? வாய்விட்டா, மனத்துக்குள்ளா? மிஷின் இரைச்சலில் கம்பெனிக்குக் காது கேட்காவிட்டால் தீர்மானம் செல்லுமா? மேலும், இவரே இயக்குநராகவும் இருந்து தம் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்தால், அது எழுத்தில் இருக்கட்டும், இல்லையேல் ஆவணத்தில் ஏறட்டும் என்கிறது 193ஆம் பிரிவு. தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்பவர்களைச் சட்டம் நெடுங்காலம் கவனித்திருக்கிறது.

இதைச் சோழர் காலத்தோடு முடிச்சுப் போடாவிட்டால் தஞ்சையில் ஆய்வாக ஏற்கமாட்டார்கள். முடிச்சு தயாராகவே இருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் கோயில் பணிக்கு வைத்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் ஆளுக்கொரு பங்கு வைத்தான்; பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். பங்குதாரர் இறந்தாலோ ஊர்விட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் வேலையை ஏற்க வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுந்த ஆளை அவரே காட்ட வேண்டும். ஒருநபர் கம்பெனியிலும் உறுப்பினருக்குப் பின் வரும் நாமினியின் பெயரைப் பதிவிடும்போதே எழுத வேண்டும். ஆகவே கம்பெனிச் சட்டம் தமிழருடையதே என்று நிறுவலாம். இதைவிட மெலிந்த சான்றில் பல நூல்கள் நின்றுகொண்டிருக்கின்றன. வெள்ளைக்காரன் தாமதமாகத்தான் வந்தான். 1897இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கில், லண்டன் பூட்ஸ் வியாபாரி சாலமன் கம்பெனிக்கு வேண்டிய ஏழு பேர் கணக்கைத் தேற்ற மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுக்க நேர்ந்தது.

நாமினி சம்மதப் படிவத்தை நீட்டினால் மிஷின்காரரின் மனைவி, “நீங்க போனப்புறம் இந்த மிஷினை நான் என்னங்க பண்ணுறது?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார் (அடுப்படி மரபு, வாய்மொழி, ஆய்வாளர் திண்ணையிலிருந்து கேட்டது, இடையில் குக்கர் விசில்).

கம்பெனி கடனில் மூழ்கினாலும் வீடு தப்பும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும். ஆனால் மிஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனால், கம்பெனியின் கையெழுத்து மட்டும் போதாது, உங்கள் சொந்த ஜாமீனும் வேண்டும் என்பதே வங்கிகளின் வழக்கம். பல நேரம் கூடவே மனைவியையும் போடச் சொல்வார்கள். நாமினி படிவத்துக்கு மசியாத அந்த அம்மாள், அங்கே காட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டு வந்திருப்பார்.